கொண்டுவந்த ஆள் தின்னக்கூடாது

கோயில் மணி பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடத்துக்குள் சுவேதினி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் தங்கக் கடதாசியில் வெட்டிய நட்சத்திரம் ஒன்று குத்தியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கிடைத்துவிட்டால் வேறு சொர்க்கம் வேண்டாம்.

"அம்மா, ஒருத்தருக்கும் கண்டுபிடிக்கேலாமப் போச்சு! நான்தான் வெண்டனான்!"

றஞ்சிதம் குசினி வாசலில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "முருங்கையிலை வறையை ஒருத்தருக்கும் தெரியேல்லையோ? இந்தக் கரையில அது தெரியாத பிள்ளையும் இருக்கே?"

"முருங்கையிலை இல்லையம்மா. அதைக் கோழிக்குப் போட்டிட்டன். சட்டிக்குள்ள இருந்து ரெண்டு துண்டு எடுத்துக்கொண்டு போனனான்."

றஞ்சிதத்தின் கையிலிருந்து மீன் நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

இந்தச் சட்டியைப் பற்றிச் சொல்லுமுன் விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பள்ளி அபிசா ரீச்சர் இந்தக் கரைக்கு வந்து இரண்டு வருடம். திருக்கேதீஸ்வரப் பக்கத்து வயற்காரக் குடும்பத்துப் பெண். கணவன் சுபாஸ்கரனுக்கு மன்னாரில் அரசாங்கக் கந்தோர் வேலை கிடைக்க, கூடவே வந்தவள். வந்த மாதமே மிட்வைஃப் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, பாதிப் பேருக்கு நிறை காணாது என்று உதட்டைப் பிதுக்கினாள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு மீன் பஞ்சமில்லை. ஆனால் பொரித்த மீனும் சோறும், பின்னேரமானால் ஒரு பைக்கற் பிஸ்கற்றும் தவிர வேறெதைக் கண்டாலும் வாயைப் பூட்டிவிடுவார்கள். அபிசா யாரையும் ஏசவில்லை. தாய்மாரைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் செய்யவும் இல்லை. விளையாட்டு வைத்தாள். அவளுடைய பாம்பும் ஏணியும் பலகையில் ஏணிகளுக்கெல்லாம் கீரைகளின் பெயர், பாம்புகளுக்கெல்லாம் பைக்கற் தீனிகளின் பெயர். மிக்சரில் கால் வைத்த பிள்ளை வாலுக்கு வழுக்கிக்கொண்டு போகும். வியாழக்கிழமைகளில் கண்கட்டி ருசி.

கண்கட்டி ருசிக்குச் சட்டங்கள் இருந்தன. வீட்டிலிருந்து சின்னப் பெட்டியில் ஏதாவது ஒரு சாப்பாடு கொண்டுவரவேண்டும். மரக்கறி, பழம், மீன் எதுவும் சரி. இறைச்சி மட்டும் கூடாது, ஏனென்றால் மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருக்கிற இடம் அது. உள்ளே என்ன இருக்கிறதென்று கொண்டுவந்த ஆள் மூச்சு விடக்கூடாது, தின்னவும் கூடாது. கண்ணைக் கட்டிய பிள்ளைகள் ருசித்துச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு நட்சத்திரம். ஒருவருமே சொல்லாவிட்டால் கொண்டுவந்த பிள்ளைக்கு நட்சத்திரம்.

இந்தக் கடைசிச் சட்டத்தில்தான் வினை இருந்தது. ரீச்சர்மேல் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொடங்கிய மூன்று மாதத்திலேயே பாகற்காயைத் தவிர எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகள் தின்னப் பழகியிருந்தார்கள். ஆனால் பிள்ளைக்கு வெல்லுகிற ஆசையைக் காட்டிவிட்டால் அது எந்த வழியாலும் வெல்லப் பார்க்கும். சுவேதினி ஒரு வியாழன் பூசணிக்காய் கொண்டுபோய்த் தோற்றாள், அடுத்த வியாழன் வல்லாரைச் சம்பல் கொண்டுபோய்த் தோற்றாள். இன்று விடிய, தாய் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, யாருக்குமே தெரியாத சாப்பாடு எது என்று தன் சின்ன மூளையால் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

சட்டிக்குள் இருந்தது கடலாமை இறைச்சி.

விடியற்காலை தகப்பன் பெனடிக்ற் மீன் கூடையின் அடியில் ஒளித்துக் கொண்டுவந்தது. வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்துக் கிடந்ததாம். தானாகச் செத்தாலும் கொன்று செத்தாலும் ஆமை ஆமைதான், சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. போன வருடம் இதே இறைச்சியோடு பிடிபட்டு மன்றில் நின்றவன் அவன். இன்னொரு தரம் இந்த முகத்தைக் கண்டால் உள்ளே அனுப்புவேன் என்று நீதவான் சொல்லியே விட்டிருந்தார். அதற்குப் பிறகும் நாக்கு கேட்கவில்லை. "கடல்ல எறிஞ்சிட்டு வாறதுக்கு என்ன?" என்று றஞ்சிதம் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு, அடுப்பை மூட்டி, மிளகாய்த்தூளும் பாலும் விட்டுச் சமைத்து மூடிவைத்தவளும் அவள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று வைத்திருந்தது.

"நீ திண்டியோ?" என்று பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இல்லை. கொண்டுவந்த ஆள் தின்னக்கூடாது, அது சட்டம்."

"எடுக்கேக்க விரலை நக்கினியோ?"

"இல்லையம்மா. கரண்டியால எடுத்தனான். அது ஒரு மணம் மணந்தது, எனக்குப் பிடிக்கேல்லை."

றஞ்சிதத்துக்கு மூச்சு வந்தது. அப்போது அவள் பயந்ததெல்லாம் பொலிசுக்கும் வனசீவராசிக்காரருக்கும்தான். பிள்ளை வாய் தவறி ஆமை என்று சொல்லியிருந்தால்? கேட்டுப் பார்த்தாள். இல்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை, ரீச்சர் காதுக்குள் கேட்டதற்கும் "அது மீன்" என்றுதான் சொன்னாளாம். நல்ல பிள்ளை என்று தலையைத் தடவினாள். பொய் சொன்னதற்குப் பிள்ளையைத் தடவிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பெனடிக்றுக்குச் சொல்லிவைப்போம் என்று வீட்டின் பின்பக்கம் போனாள். கடலுக்குப் போய்வந்தவன் இந்த நேரம் நித்திரையாய் இருக்கவேண்டும். அவனோ தண்ணீர்த் தொட்டியடியில் குனிந்து நின்று, வாயைக் கொப்பளித்துத் துப்பி, மறுபடி கொப்பளித்துக்கொண்டிருந்தான். உதடு இரண்டும் சிவந்து தடித்திருந்தன.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டுமில்லை. வாய் கொஞ்சம் எரியுது. வெத்திலையில சுண்ணாம்பு கூடிப்போச்சுது போல."

"வெத்திலை எப்ப போட்டனீங்கள்?"

அவன் மறுபடி வாய்க்குள் தண்ணீர் அள்ளினான். விடியக் கரைக்கு வந்ததும் அவனும் அவனோடு தொழில் செய்கிற சிங்கராசாவும் வாடியில் வைத்து, அதுதான் வலையும் சாமானும் போட்டுவைக்கிற கடற்கரைக் கொட்டிலில், ஆமை ஈரலைச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். இதை அவள் மெல்ல மெல்லப் பிடுங்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோதே சிங்கராசாவின் மகள் லக்சிகா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயதுப் பெண். முகம் வெளுத்திருந்தது.

"பெனடிக்ற் மாமா, அப்பா சத்தியா எடுத்துக்கொண்டே இருக்கிறார், வயித்தில ஒண்டும் தங்குதில்லை. தண்ணியும் விழுங்கேலாதாம், தொண்டை எரியுதாம். அம்மா கேக்கச் சொன்னவ, விடிய என்ன திண்டனீங்கள் எண்டு."

"சாராயம்," என்றான் பெனடிக்ற். "பழுதான சாராயம். போய்ச் சொல்லு."

பெண் போய்விட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் வாய்விட்டு அழ முடியாது என்பார்கள். பெனடிக்ற் அப்படித்தான் நின்றான்.

எல்லா ஆமையும் நஞ்சில்லை. ஆனால் சில காலம், சில ஆமை நஞ்சு. எதைத் தின்று எந்த ஆமைக்கு நஞ்சு ஏறுகிறதென்று அதை வெட்டுகிறவனுக்குத் தெரியாது. வெளியே பார்த்தும் தெரியாது, அவித்தாலும் போகாது. அதனால் இந்தக் கரையில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஆமை வெட்டினால் முதலில் ஈரலில் ஒரு துண்டைக் காகத்துக்கு எறிவார்கள். காகம் தின்றால் மனிதரும் தின்னலாம். காகம் தொடாவிட்டால் முழுவதையும் குழி தோண்டித் தாட்டுவிடவேண்டும்.

"காகத்துக்குப் போட்டனீங்களோ?"

"போட்டனாங்கள். திண்டது," என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

றஞ்சிதம் வீட்டுக்குள் ஓடினாள். இப்போது பொலிசை அவள் மறந்துவிட்டாள். முன்பள்ளியில் அதை யார் யார் தின்றது? சுவேதினி நிலத்தில் இருந்து நட்சத்திரத்தைச் சட்டையில் இடம் மாற்றிக் குத்திக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உன்ர பெட்டியில இருந்ததை ஆர் ஆர் திண்டவை?"

"சொல்லக்கூடாது. விளையாட்டு முடிஞ்சு வெளியில சொன்னா நட்சத்திரத்தைத் திருப்பிக் குடுக்கவேணும்."

கன்னத்தில் ஒன்று போடக் கை எழுந்தது. அடித்தால் அழும், அழுதால் ஒன்றும் வராது என்று அடக்கிக்கொண்டாள். குரலை இழுத்துப் பிடித்து, "அப்ப வா, நாங்கள் விளையாடுவம். நீதான் ரீச்சர். எனக்குக் காட்டு," என்றாள்.

அது பிடித்துவிட்டது. சுவேதினி வாசலில் கிடந்த செருப்புகளை அள்ளிவந்து வரிசையாக வைத்தாள். "இது ஷமீர். இது ஹம்சிகா. இவை ரெண்டு பேருக்கும்தான் இண்டைக்குக் கண் கட்டினது." தாயின் கைலேஞ்சியால் ஒரு செருப்பின் தலையை மூடினாள். ஒரு வெறுங்கரண்டியை எடுத்தாள். செருப்புகளுக்குக் கொடுக்குமுன் அதைத் தன் வாயில் வைத்து, கண்ணை அகல விரித்து, ஆற அமர மென்று விழுங்கினாள். "ம்ம்ம், நல்ல ருசி!"

"நீ ஏன் தின்னுறாய்? கண் கட்டின ஆக்கள் எல்லோ தின்னவேணும்?"

"நான் ரீச்சர் எல்லே அம்மா. ரீச்சர்தான் எல்லாத்தையும் முதல் சாப்பிடுறவா. அவ முகம் சுழிச்சா நாங்களும் சுழிப்பமாம். அதால சுழிக்கமாட்டா. முழுத்துண்டையும் சாப்பிட்டவா. மற்றத் துண்டை வெட்டி ஹம்சிகாவுக்கும் ஷமீருக்கும் குடுத்தவா. ஷமீர் துப்பிட்டான்."

றஞ்சிதம் பிடித்திருந்த சேலைத் தலைப்பு கைக்குள் நனைந்துபோயிற்று. பயம் என்றால் என்னவென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குமுன் பட்டதெல்லாம் வெறும் பதற்றம்.

ரீச்சருக்கு நாலு மாதக் குழந்தை. பால் குடிக்கிற ஆண்பிள்ளை. ஒரு மாதத்துக்கு முன்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். காலையில் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு வந்து, முன்பள்ளி முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போவாள் பாலூட்ட.

பால் கொடுக்கிற பெண் ஆமை இறைச்சியைத் தொடக்கூடாது என்பது இந்தக் கரையில் சின்னப் பெண்களுக்கும் தெரியும். றஞ்சிதம் சிறுமியாய் இருந்தபோது இரண்டு வீடு தள்ளி யசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். ஆமை தின்று இரண்டு நாள் சத்தி எடுத்துக் கிடந்து எழும்பிவிட்டாள். அவளிடம் பால் குடித்த பிள்ளை எழும்பவில்லை. நித்திரை கொள்ளுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். வயற்காட்டிலிருந்து வந்த அபிசாவுக்கு இது எங்கே தெரியும்? அவளுக்குச் சுறாவும் திருக்கையும் ஒன்றுதான். மீன் என்று பிள்ளை சொன்னது, மீன் என்று தின்றாள்.

"இஞ்சருங்கோ! ரீச்சர் திண்டிருக்கிறா! பால் குடுக்கிற பொம்பிளை!"

பெனடிக்ற் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். "கத்தாதை."

"நான் போய்ச் சொல்லப்போறன்."

"சொன்னா? அவ ஆஸ்பத்திரிக்குப் போவா. ஆஸ்பத்திரியில என்ன திண்டனி எண்டு கேப்பாங்கள். பின்னேரம் பொலிஸ் இஞ்சை நிக்கும். நான் உள்ளுக்கை போனா நீயும் பிள்ளையும் ஆரிட்டைப் போவியள்? ஒரு துண்டுதானே திண்டவ. நான் அவ்வளவு திண்டனான், நிக்கிறன் எல்லே? பின்னேரம் மட்டும் பாப்பம். காகம் திண்டது எண்டு சொல்லுறன், நீ நம்பமாட்டியோ?"

நம்புவதற்கு அவளுக்கு ஆசையாய் இருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. மிகவும் ஆசையாய் இருந்தது. காகம் தின்றிருந்தால் சிங்கராசாவுக்கு வந்தது சாராயம்தான், புருசனுக்கு வந்தது சுண்ணாம்புதான், ரீச்சருக்கு ஒன்றும் வராது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுபோகும் என்று பூனைக்கு நம்பிக்கை. றஞ்சிதமும் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் சட்டியைத் தூக்க, அவள் மண்வெட்டியை எடுத்தாள். முற்றத்துப் பனையடியில் குழி வெட்டி, கறியைக் கொட்டி, மூடி, மேலே காய்ந்த ஓலை இழுத்துப் போட்டாள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிள்ளையின் பெட்டியைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். நகத்துக்குள்ளும் தேய்த்தாள். வேலை செய்கிறபோது பயம் கொஞ்சம் தள்ளி நின்றது.

வேலை முடிந்ததும் திரும்ப வந்து பிடித்தது. முற்றத்தில் நிற்கவும் முடியவில்லை, உள்ளே இருக்கவும் முடியவில்லை. அந்தக் குழந்தையை அவள் ஞானத்தாய் போலத் தூக்கி வைத்திருந்திருக்கிறாள். போன மாதம் தடுப்பூசி போட்ட நாளில் காய்ச்சல் கண்டு அனுங்கினபோது மடியில் வைத்து ஆட்டியிருக்கிறாள். உச்சந்தலை துடிப்பது கன்னத்தில் பட்டது. அது அவளுக்கு இப்போது நினைவு வந்தது, போக மறுத்தது.

வீட்டுக்குள் மடுமாதாவின் படம் இருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெனடிக்றின் முன்னால் போய் நின்றாள். அவன் பாயில் சுருண்டு கிடந்தான். எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு பழந்துணியில் துப்பிக்கொண்டிருந்தான்.

"மாதாவில கை வைச்சுச் சொல்லுங்கோ. காகம் திண்டதோ?"

அவன் கையைத் தூக்கினான். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. கடலில் பொய் சொல்லுவான், கரையில் பொய் சொல்லுவான், மன்றிலும் சொல்லியிருக்கிறான். மடுமாதாவில் கை வைத்துப் பொய் சொல்ல இந்தத் தீவில் ஒருவனுக்கும் துணிவு வராது.

"கொத்திப் பாத்தது," என்றான். நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. "கொத்திப் பாத்திட்டு, போட்டிட்டுப் பறந்திட்டுது. அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கும் எண்டு சிங்கராசாதான் சொன்னவன்."

றஞ்சிதம் படத்தை அவன் பக்கத்தில் பாயிலேயே வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் பின்னால் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்க நிற்கவில்லை.

ரீச்சரின் வாடகை வீடு பத்து நிமிட நடைதான். வெய்யிலில் மணல் காலைச் சுட்டது. செருப்பெல்லாம் உள்ளே வரிசையாகக் கிடக்கிறது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. குடிச்சிருக்கக்கூடாது, இன்னும் குடிச்சிருக்கக்கூடாது, மாதாவே, பிள்ளை நித்திரையாய் இருக்கவேணும், அவ வேற ஏதும் வேலையாய் இருக்கவேணும். செபமாலையில் அருள்நிறைந்த மந்திரம் சொல்வதுபோல இதையே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

அபிசா விறாந்தையில் கதிரையில் இருந்தாள். குழந்தை மடியில். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தவள், ஆட்களைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்து மெல்லச் சிரித்தாள்.

"மெதுவா அக்கா. இப்பத்தான் குடிச்சிட்டு நித்திரையாகிறான்."

றஞ்சிதம் பிள்ளையின் கையை விட்டாள். விறாந்தைப் படியில் முழங்காலில் விழுந்தாள்.

"ரீச்சர், பெட்டியில இருந்தது மீன் இல்லை. கடலாமை. நஞ்சாமை. என்ர மனுசனுக்கும் வருத்தம் வந்திட்டுது. பிள்ளைக்குப் பாலில போகும். எழுப்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஆமையோ?" அபிசாவின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாமல். "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே அக்கா. சொண்டு மட்டும் கொஞ்சம் எரியுது. தூள் கூடிப்போச்சு எண்டு நினைச்சன்…" அந்த வாக்கியம் முடியுமுன் அவளுக்கு விளங்கிவிட்டது. குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் குலுக்கினாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. "தம்பி! தம்பி, கண்ணைத் திற!"

பால் குடித்த பிள்ளை நித்திரை கொள்வது உலகத்தில் மிகச் சாதாரணமான விசயம். அந்தச் சாதாரணமான விசயத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் அன்று அலறினார்கள்.

ஓட்டோவில் போகும்போது அபிசா பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சுண்டலுக்கும் அது முகத்தைச் சுருக்கும், பிறகு விட்டுவிடும். வழியில் ஹம்சிகாவின் வீட்டில் நிறுத்தி, தாயையும் பிள்ளையையும் ஏற்றினார்கள். பக்கத்து ஊர் தாராபுரத்தில் இருக்கிற ஷமீரின் தகப்பனுக்கு ரீச்சர் ரெலிபோன் எடுத்தாள். குரல் நடுங்காமல் சொல்ல மூன்று தரம் தொடங்கவேண்டியிருந்தது. சுவேதினி தாயின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் சொல்லேல்லையே அம்மா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் சனம் நிறைந்திருந்தது. டொக்டர் ஒரு இளம் பெண். "என்ன சாப்பிட்டது?" என்று கேட்டாள். பின்னால் வரிசையில் முப்பது பேர். வாசலில் பொலிஸ்காரர் ஒருவர் பதிவுப் புத்தகத்தோடு இருந்தார். அபிசா றஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடலாமை," என்றாள் றஞ்சிதம். சத்தமாகத்தான் சொன்னாள். "நான் சமைச்சது. என்ர மனுசன் பெனடிக்றும் சிங்கராசாவும் கூடத் திண்டிருக்கினம். வீட்டில கிடக்கினம், ஆளனுப்புங்கோ." பொலிஸ்காரர் தலையை நிமிர்த்தினார்.

இதற்கு மாற்று மருந்து இல்லை என்றாள் டொக்டர். பெரியவர்களுக்கு நஞ்சை உறிஞ்சும் மருந்துக் கரி கரைத்துக் கொடுத்து, சேலைன் ஏற்றிப் பார்க்கலாம். குழந்தைக்குச் சேலைன் மட்டும் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். தாய்ப்பால் ஒரு துளியும் கூடாது. மயக்கத்துக்குள் போனால்தான் பயம்.

குழந்தை மயக்கத்துக்குள் போயிற்று. வியாழன் பின்னேரம் சுண்டினால் முகம் சுருக்கிய பிள்ளை வெள்ளி விடியச் சுண்டினால் சுருக்கவில்லை. இரவு முழுக்க ஒக்சிசன் வைத்து, விடிய தீவிர சிகிச்சை விடுதிக்கு மாற்றி, தாயைக் கதவுக்கு வெளியே இருத்திவிட்டார்கள். அபிசாவுக்கு வாய் புண்ணாகி, உமிழ்நீரும் இறங்கவில்லை. நெஞ்சில் பால் கட்டிக் காய்ச்சல் வேறு. மணிக்கொருதரம் எழும்பிப் போய்ப் பாலைப் பீச்சிக் குழாயடியில் ஊற்றிவிட்டு வந்து, மறுபடி கதவைப் பார்த்து இருந்தாள். சுபாஸ்கரன் பக்கத்தில் நின்றான். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டான். ஹம்சிகா ஒரு தரம் சத்தி எடுத்ததோடு தப்பினாள். ஷமீர் துப்பினதால் ஒன்றுமில்லை. சிங்கராசாவை மூச்சு மெசினில் போட்டிருந்தார்கள். பெனடிக்ற் ஆண்கள் விடுதியில், கட்டிலடியில் பொலிஸ் இருக்க, சேலைனோடு படுத்திருந்தான்.

றஞ்சிதம் இரண்டு நாளும் அந்த விறாந்தையின் மறுகரையில் இருந்தாள். சுவேதினியை லக்சிகாவிடம் விட்டிருந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் தாதியின் முகத்தைப் பார்ப்பாள், உடனே குனிந்துகொள்வாள். அந்த முகத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமல் இருப்பது அவளுக்குச் சுகமாய் இருந்தது. யசிந்தா வீட்டில் அன்று எழுந்த ஒப்பாரி காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிபோலக் குழந்தை அழுதது.

முதலில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். விறாந்தையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு நல்ல அழுகை, பசி அழுகை, பெற்ற தாய் எவளும் தவறாமல் அறிகிற அழுகை. அபிசா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை. சுபாஸ்கரன் அப்போதுதான் நிலத்தில் இருந்தான், இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி அழுதான். றஞ்சிதமும் அழுதாள். ஆனால் சத்தமில்லாமல் அழுதாள், அந்த அழுகையில் தனக்குப் பங்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பின்னேரம் தாதி வந்து, ரீச்சர் கூப்பிடுகிறா என்றாள்.

அபிசா கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. மடியில் பிள்ளை கண் திறந்து கிடக்க, மாப்பாலைக் கரண்டியால் எடுத்து எடுத்து வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். றஞ்சிதம் கட்டிலுக்கு இரண்டு அடி தள்ளி நின்றாள்.

"டொக்டர் சொன்னவ, நீங்கள் வந்து சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதாம். நானும் நித்திரை கொள்ளுறான் எண்டு விட்டிருப்பன். உங்களாலதானாம் பிள்ளை இருக்கிறான்."

றஞ்சிதம் தலை குனிந்தாள். நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கிறாளாக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள்.

"பன்னிரண்டு மணிக்கு முன்பள்ளி விட்டது," என்றாள் அபிசா. கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கூட்டித் துடைச்சுப் பூட்டிப்போட்டு, மிட்வைஃபிட்டைப் பதிவுக் கொப்பியும் குடுத்திட்டு வீட்டை போக ஒண்டே கால். வந்து குளிச்சு, பிள்ளையைத் தூக்க ஒண்டரை. நீங்கள் வரேக்க ரெண்டு மணி. உங்கட வீடு பத்து நிமிசம். அவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள் அக்கா?"

பொலிசுக்குச் சொல்ல றஞ்சிதத்திடம் எத்தனையோ கதை இருந்தது. பிள்ளை சொல்ல மறுத்தது, விளையாடிக் கேட்டது, அவன் கதவைச் சாத்தியது. எல்லாம் உண்மைதான். அதை எல்லாம் அடுக்கிச் சொன்னாலும் பனையடியில் வெட்டிய குழி நடுவில் கிடந்தது.

"பயந்துகொண்டு இருந்தனான் ரீச்சர்."

"ஆருக்காக?"

கரண்டி பிள்ளையின் வாயடியில் நின்றது. பிள்ளை அதைத் தேடி உதட்டைக் குவித்தது.

"அவருக்காக," என்றாள் றஞ்சிதம்.

அபிசா தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. கரண்டிப் பாலை வாயில் விட்டு, வழிந்ததை விரலால் துடைத்துவிட்டாள்.

"எனக்கு விளங்குது. நானெண்டாலும் இவன்ர அப்பாவுக்காகத்தான் முதல் பயந்திருப்பன். ஆனா அக்கா, இனி என்ர பிள்ளையைத் தூக்க வராதேங்கோ."

றஞ்சிதம் சரி என்றாள். வெளியே விறாந்தையில் இடப்பக்கம் திரும்பினால் ஆண்கள் விடுதி, வலப்பக்கம் வாசல். அவள் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் போகாமல் நின்றாள்.